ஒரு மில்லிமீட்டர் கணக்கு

என் மகளின் கழுத்தில், மூச்சுவிடுவதற்காக, இரண்டு வருடம் எட்டு மாதம் ஒரு குழாய் இருந்தது. ஆரம்பத்தில் 3.0 அளவு, பிறகு 3.5. உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். கழுத்துக்கு வெளியே இரண்டு இறக்கை மாதிரி விரிந்திருக்கும் பகுதியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். தினமும் அதைத் துடைத்துத் துடைத்து, கண்ணை மூடினாலும் அந்த எண் தெரியும் நிலைக்கு வந்திருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். குழந்தைகளின் மூச்சுக்குழாய்க் கோளாறுகள் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வார்டு வராந்தாவிலும், நடுராத்திரிப் படிப்பிலும், மகளின் கழுத்துக்கு மேல் குனிந்தபடியும் கற்றுக்கொண்டவை. இதை வைத்தியக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்த விஷயத்தின் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். அகலம் 4 அல்லது 5 மில்லிமீட்டர், ஒரு ஸ்ட்ரா அளவு. இதன் உள்சுவர் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் என்ன ஆகும்? விட்டம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போனால் மிச்சம் 2. பாதி வழி அடைத்துவிட்டது என்று நினைப்போம். பாதி இல்லை. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே முக்கால்வாசி வழி போய்விட்டது. அதோடும் முடியவில்லை. நுண்ணிய குழாய்களில் திரவம் எப்படி ஓடுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பாய்சொய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு: ஆரம் குறையக் குறைய, அதன் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் தடை ஏறும். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் 8 மில்லிமீட்டர் குழாயில் வந்தால் தடை மூன்று மடங்குதான். பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்போடு போய்விடும் வீக்கம், கைக்குழந்தையை ஐசியூவுக்குக் கொண்டுபோவது இதனால்தான்.

இதிலும் ஒரு கொசுறு இருக்கிறது. நான்காம் படி என்பது காற்று அமைதியாக ஓடும்போது. குழந்தை வீறிட்டு அழும்போது காற்று சுழித்துக்கொண்டு ஓடும். அப்போது ஐந்தாம் படி, அதாவது 32 மடங்கு. மூச்சுத் திணறி வரும் குழந்தையை விவரம் தெரிந்த டாக்டர்கள் அம்மா மடியிலிருந்து இறக்காமலேயே பார்ப்பார்கள். நாக்கை அழுத்திப் பார்ப்பது, ஊசி குத்துவது எல்லாம் அப்புறம். முதலில் நான் அதை அன்பு என்று நினைத்தேன். அன்பும்தான், ஆனால் அடியில் இருப்பது கணக்கு.

மகள் பிறந்தது 27-ஆவது வாரத்தில், 940 கிராம். 52 நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். வாய் வழியாகக் குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் போகும் குழாய்தான் அவளுக்குக் காற்று கொடுத்தது. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமில்லை. ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி பின்பக்கம் திறந்திருக்கும், அங்கே மெல்லிய தசை மட்டும். கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஆனால் குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு வளையம் மட்டும் முழு வட்டம். அது விரிந்து கொடுக்காது. குழந்தையின் காற்றுவழியில் மிகக் குறுகலான இடங்களில் ஒன்றும் அதுதான். குழாய் நாள் கணக்கில் அங்கே உரசிக்கொண்டிருந்தால் உள்சவ்வுக்கு ரத்தம் போகாது, புண் வரும், புண் ஆறும்போது வடு சுருங்கும். சுருங்குவதற்கு அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட உபரி இல்லை.

குழந்தைகளை வாரக்கணக்கில் குழாயோடு வைத்துக் காப்பாற்றும் முறை 1960-களில் பரவியது. முன்பு பிழைத்திருக்க முடியாத பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலர் இந்த வடுவோடு வீடு போனார்கள். அந்தக் குழாய் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபம் வேறு ஒரு விஷயத்தில். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அவளுக்கு மூச்சில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ரம்பம் ஈர மரத்தில் போகிற மாதிரி. காட்டப் போன இடத்தில் “வீசிங்” என்றார்கள். நெபுலைசர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மருந்தை மாற்றினார்கள். அடுத்த வாரம் சளி என்றார்கள். மூன்று வாரம் அந்த முகமூடியை அவள் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். குறைமாதக் குழந்தை, 52 நாள் குழாய் போட்டது என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. யாரும் முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

ஒருநாள் ராத்திரி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவள் தொண்டைக்குழி உள்ளே குழிந்து குழிந்து எழ, வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். குனிந்து குழந்தையின் வாய்ப்பக்கம் காதைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

“இழுக்கும்போதும் வருது, விடும்போதும் வருது. இது நெஞ்சுல இல்லைங்க, கழுத்துல” என்றார். பிறகுதான் கேட்டார்: “பிறந்தப்ப எத்தனை நாள் டியூப்ல இருந்தா?”

அன்று முதல் நான் சத்தங்களைப் படிக்க ஆரம்பித்தேன். மூச்சு இழுக்கும்போது மட்டும் வரும் கீச்சொலி பெரும்பாலும் குரல்வளையிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ வருவது. விடும்போது மட்டும் வருவது நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து. இரண்டிலும் வந்தால், குரல்நாணை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ மாறாத ஒரு குறுகல் இருக்கலாம். இதை வைத்து யாரும் வீட்டிலேயே முடிவுக்கு வரவேண்டாம். ஆனால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தூங்கும்போது, பால் குடிக்கும்போது, அழும்போது தனித்தனியாக; மேல்சட்டை இல்லாமல், நெஞ்சு தெரிகிற மாதிரி. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் நல்ல பிள்ளையாக மூச்சுவிடத் தொடங்கிவிடுவார்கள்.

சத்தமிடும் கைக்குழந்தைகளில் அதிகம் பேருக்கு இருப்பது குரல்வளையின் மேல்பகுதி மெத்தென்று இருப்பதுதான். இழுக்கும் காற்றோடு அதுவும் உள்ளே மடங்கும். பிறந்த சில வாரங்களில் தொடங்கி, மல்லாக்கப் படுத்தால் கூடி, ஒன்றரை இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். எடை ஏறவில்லை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் மட்டும் அந்த உபரிச் சதையைக் கத்தரித்துவிடுகிறார்கள். மூச்சுக்குழாயே தளர்ந்திருப்பது வேறு கதை: மூச்சை விடும்போது குழாய் தட்டையாகிவிடும், இருமல் குரைப்பு மாதிரி இருக்கும். உணவுக்குழாய் முழுதாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளிடம் இது அதிகம். வீசிங் மருந்து இவர்களுக்கு உதவாது. குழாயின் பின்பக்கத் தசையை அது இன்னும் தளர்த்திவிடுவதால் சில நேரம் மோசமாக்கவும் செய்யும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியே இரண்டாகப் பிரிந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி வளைத்து இறுக்குவதும் உண்டு. அந்த வளையத்தை அறுத்து விடுவித்த முதல் அறுவை சிகிச்சையை ராபர்ட் கிராஸ் 1945-ல் பாஸ்டனில் செய்தார். அதுவரை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழி இருக்கவில்லை. இன்றும் அவர்களில் சிலர் ஆஸ்துமா மருந்தோடு வருடக்கணக்கில் அலைந்த பிறகே கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் ஒன்றரை வயதுப் பையன். ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சலும் இருமலும். உள்ளே பார்த்தபோது வலப்பக்க மூச்சுக்கிளையில் அரை வேர்க்கடலை. எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. “ஒருநாள் சாப்பிடும்போது புரையேறிச்சு, அப்புறம் சரியாப்போச்சு, அதனால சொல்லலை” என்று அவன் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். ஃபிலடெல்ஃபியாவில் செவாலியே ஜாக்சன் என்றொரு டாக்டர் இருந்தார், 1865-ல் பிறந்தவர். குழந்தைகளும் பெரியவர்களும் விழுங்கியதும் மூச்சில் இழுத்ததுமாக அவர் வெளியே எடுத்த ஊசி, பொத்தான், நாணயம், எலும்பு என 2000-க்கும் மேற்பட்ட பொருட்கள் அந்த ஊரின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. எடுத்த எதையும் அவர் திருப்பிக் கொடுக்க மாட்டாராம். எனக்கென்னவோ அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று. திடீரென்று புரையேறிய சம்பவம் எதுவும், எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், டாக்டரிடம் சொல்லவேண்டிய ஒன்று.

மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து பிராங்கோஸ்கோபி செய்தார்கள். வளையாத உலோகக் குழாய், நுனியில் விளக்கும் லென்ஸும். திரையில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். குரல்நாண்கள் இரண்டும் வெள்ளையாக, அழகாக இருந்தன. அவற்றுக்கு அடியில் வட்டமாக வழி தெரியவேண்டிய இடத்தில் வெளிறிய சதை, நடுவில் ஒரு குண்டூசித் துளை. எந்த அளவு குழாய் அந்த இடத்தில் நுழைகிறது என்று பார்த்து, அந்த வயதுக்கு இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டு, அடைப்பைச் சதவீதமாகச் சொல்கிறார்கள். 50 வரை முதல் நிலை, 70 வரை இரண்டாவது, 99 வரை மூன்றாவது, வழியே இல்லை என்றால் நான்காவது. அவளுக்கு 80. மூன்றாம் நிலை.

அன்று மாலையே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கவேண்டும் என்றார்கள். டிரக்கியாஸ்டமி. குறுகலுக்குக் கீழே நேராக ஒரு வாசல். நான் கேட்டது ஒரே கேள்வி: “அந்தச் சதையை எடுத்துட முடியாதா?” பலூன் வைத்து விரித்துப் பார்க்கலாம், மென்மையான புது வடுவாக இருந்தால் பலன் உண்டு, இவளுடையது கெட்டிப்பட்டுவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். பெரிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, ஆனால் நாலரைக் கிலோ குழந்தைக்கு இப்போது அது வேண்டாம், பத்துக் கிலோ ஆகட்டும் என்றார். பிறகு சொன்னார்:

“இந்தக் குழாய் வைத்தியம் இல்லைங்க. நாம டைம் வாங்கறோம். அவ வளரட்டும்.”

அன்றைக்கு அது ஆறுதல் பேச்சாகப் பட்டது. இப்போது நினைத்தால், இந்தத் துறையின் மொத்தமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. மெத்தென்ற குரல்வளையில் அவர்கள் செய்வது காத்திருத்தல். தளர்ந்த குழாயில், அழுத்தத்தோடு காற்றைக் கொடுத்துக் குழாயைத் திறந்து வைத்திருந்து, குருத்தெலும்பு கெட்டிப்படக் காத்திருத்தல். கணக்கைத் திருப்பிப் போட்டால் காரணம் புரியும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 16 மடங்கு தடை என்றால், வளர்ச்சியில் கிடைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதே வேகத்தில் திருப்பித் தருகிறது. எந்தக் கத்தியும் செய்யமுடியாததை எடை ஏறுவது செய்யும்.

ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது அவள் அழுதாள். வாய் அகலத் திறந்திருந்தது, முகம் சிவந்தது, கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் இல்லை. காற்று குரல்நாண் வரை போகாமல் கழுத்திலேயே வெளியேறிவிடுகிறது. யாரும் எனக்கு அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை; சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. அடுத்த இரண்டு வருடத்துக்கு மேல் என் மகள் அழுவதை நான் கண்ணால்தான் கேட்டேன். பக்கத்து அறைக்குப் போகவேண்டுமானாலும் யாராவது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு மாதம் எங்களுக்குப் பயிற்சி. சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயை எவ்வளவு தூரம் விடுவது என்பதை உபரிக் குழாய் ஒன்றை வைத்து அளந்து, அங்கே அடையாளம் போட்டுக்கொள்ளவேண்டும். அதைத் தாண்டினால் உள்சவ்வு புண்ணாகும். ஒருமுறை உறிஞ்சுவது பத்து நொடிக்குள். சின்னக் குழந்தையின் மூச்சுவழியை மூடிக்கொண்டு நிற்கிறோம் என்பது நினைவிருக்கவேண்டும். நர்ஸ் சொன்ன உத்தி: “நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கோங்க. உங்களுக்கு எப்ப முட்டுதோ அதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.” கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் தளர்வு. அதற்கு மேல் தளர்ந்தால் குழாய் நழுவும்.

வாரம் ஒருமுறை குழாய் மாற்றுவோம். இரண்டு பேர் வேண்டும். தோளுக்கு அடியில் சுருட்டிய துண்டு, கழுத்து பின்னால் சாயும். புதுக் குழாய்க்குள் வழிகாட்டும் குச்சியைச் செருகித் தயாராக வைத்துக்கொண்டு, கணவர் நாடாவை வெட்டிப் பழையதைப் பிடித்துக்கொள்வார். “நான் எடுக்கறேன், நீ போடு. ஒண்ணு, ரெண்டு…” மூன்றில் குழாய் வெளியே வரும். அந்த இரண்டு நொடி. கழுத்தின் நடுவில் பட்டாணி அளவில் ஒரு கருப்பு வட்டம், விளிம்பு சிவந்து ஈரமாக, மூச்சுக்கேற்ப அசையும். என் மகளின் உள்பக்கத்தை இவ்வளவு சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று முதல் தடவை கை நின்றுவிட்டது. “போடு, போடு” என்றார் அவர். வளைவான குழாய் தானாகவே வழி கண்டுபிடித்து இறங்கிவிடும். குச்சியை உடனே உருவிவிடவேண்டும், இல்லாவிட்டால் நாமே அடைத்ததாகிவிடும்.

கதவருகே எப்போதும் ஒரு பை தொங்கும். அதே அளவில் ஒரு குழாய், அரை அளவு சிறியதாக ஒன்று, நாடா, மழுங்கல் நுனிக் கத்தரிக்கோல், சக்‌ஷன் குழாய்கள், கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை. அரை அளவு சிறியது எதற்கு என்று கேட்கலாம். அவசரத்தில் துளை சுருங்கி, பழைய அளவு நுழையாமல் போனால் அதுதான் கதி.

ஒரு தடவை அது தேவைப்பட்டது. என் தப்பு. மூக்கு செய்கிற வேலையைச் செய்ய, அதாவது மூச்சை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் வைக்க, குழாயின் வாயில் ஒரு சின்ன வடிகட்டி மாட்டுவார்கள். செயற்கை மூக்கு என்றே அதற்குப் பெயர். அவள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிவாள். அன்று பகல் முழுக்க நான் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தேன். ராத்திரி பத்தரைக்கு அவள் எழுந்து உட்கார்ந்தாள். சத்தமில்லாத இருமல். உதடு நீலம். சக்‌ஷன் விட்டேன், பாதியில் முட்டி நின்றது. இதற்குப் பயிற்சியில் ஒரே பதில்தான்: யோசிக்காதே, குழாயை மாற்று. கணவர் தூக்கத்திலிருந்து ஓடி வந்து தலையைப் பிடித்தார். நானே வெட்டினேன், நானே எடுத்தேன். 3.5 உள்ளே போகவில்லை, அவள் திமிறினாள். 3.0 போயிற்று. மூன்று மூச்சில் நிறம் திரும்பியது. வெளியே எடுத்த குழாயை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். நுனியில் காய்ந்த பசை மாதிரி பழுப்பாக ஒரு கட்டி, ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது.

அந்த மாதங்களில் நான் கண்டபடி படித்தேன். எங்கேயாவது குறுக்குவழி இருக்கும் என்ற நப்பாசை. மூச்சுக்குழாயையே மாற்றிவிட முடியாதா? ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை நிபுணர் 2011-ல், பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களைப் பூசி வைத்து உலகத் தலைப்புச் செய்தி ஆனார். படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். அடுத்தடுத்த பக்கங்களில் மீதிக் கதை இருந்தது. 2013-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் மூச்சுக்குழாயே இல்லாமல் பிறந்த இரண்டு வயதுச் சிறுமிக்கும் அப்படி ஒன்றை வைத்தார்கள். மூன்று மாதத்தில் இறந்துபோனாள். ஸ்வீடனில் அவர் அறுவை செய்த மூன்று பேரும் இறந்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறை விதித்தது. செத்த பிளாஸ்டிக் வளராது, ரத்தம் பிடிக்காது, சளியைத் தள்ளும் நுண்மயிர் அதில் முளைக்காது. காலத்தை வாங்காமல் தாண்டிவிடலாம் என்று விற்றிருக்கிறார். அந்தப் பெற்றோரின் இடத்தில் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதே இரவுகளில் படித்த வேறு இரண்டு விஷயங்கள் கணக்கு டீச்சருக்குப் பிடித்தவை. சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாயில் ‘சி’ வளையங்களுக்குப் பதில் முழு வட்ட வளையங்களே நீளத்துக்கும் இருக்கும். குழாய் பென்சில் மாதிரி குறுகிவிடும். 1989-ல் விக்டர் சாங், பீட்டர் கோல்ட்ஸ்ட்ரா குழுவினர் லண்டனிலிருந்து ஒரு வழியை வெளியிட்டார்கள். குறுகிய பகுதியின் நடுவில் குறுக்கே வெட்டு. மேல்துண்டைப் பின்பக்கம் நெடுக்காகப் பிள. கீழ்த்துண்டை முன்பக்கம் பிள. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கித் தை. அந்த இடத்தில் நீளம் பாதியாகும், சுற்றளவு இரண்டு மடங்காகும். சுற்றளவு இரண்டு மடங்கென்றால் பரப்பளவு நான்கு மடங்கு, தடை பதினாறில் ஒன்று. வெளியிலிருந்து எதுவும் ஒட்டவில்லை. தன் சொந்தச் சதை, வளரவும் செய்யும். இதை முதலில் படித்தபோது ஒரு காகிதத்தைச் சுருட்டி, வெட்டி, சறுக்கிப் பார்த்தேன். அறுவை சிகிச்சை வரலாற்றில் இவ்வளவு நேர்த்தியான வடிவியல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொன்று, 2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளென் கிரீன், ஸ்காட் ஹாலிஸ்டர் இருவரும் செய்தது. மூச்சுக்கிளை தளர்ந்து அடிக்கடி மூடிக்கொண்ட கைக்குழந்தைக்கு, முப்பரிமாண அச்சில் ஒரு கவசம் அச்சிட்டார்கள். அது குழாய்க்குள் வைப்பதில்லை. வெளியே சுற்றி மாட்டி, தளர்ந்த சுவரை அதோடு தைத்துத் தூக்கிப் பிடிப்பது. ஒருபக்கம் திறந்திருப்பதால் குழாய் வளர வளர அதுவும் விரியும். சுமார் மூன்று வருடத்தில் உடம்பிலேயே கரைந்துவிடும். அதற்குள் குழாய் தானே கெட்டிப்பட்டுவிடும் என்பது எதிர்பார்ப்பு. மூன்று வருடத்துக்குக் காலம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும் பொருள். மக்கியாரினிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அதில்தான் தெரிகிறது.

மகளுக்கு இரண்டரை வயதில், பத்தே முக்கால் கிலோவில், பெரிய ஆபரேஷன். ராபின் காட்டன் என்பவர் 1970-களிலிருந்து வளர்த்தெடுத்த முறை. விலா எலும்பின் முனையிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, படகு வடிவில் செதுக்கி, அந்த முழு வட்ட வளையத்தை முன்பக்கம் பிளந்து இடையில் செருகித் தைப்பார்கள். மோதிரத்தை வெட்டி நடுவில் துண்டு வைத்துப் பெரிதாக்குகிற மாதிரிதான். கூட்டியது சில மில்லிமீட்டர். ஒட்டு பிடிக்கும்வரை உள்ளே ஒரு தாங்கல். சில வாரம் கழித்து எடுத்தார்கள். கழுத்துக் குழாய் அதுவரை காவலுக்கு இருந்தது. வடு மீண்டும் சுருங்குகிறதா என்று மாதாமாதம் உள்ளே பார்த்தார்கள். இரண்டு தடவை பலூன் வைத்து விரிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் பேச்சு வால்வு. தசைநலிவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற இளைஞர் தனக்காகக் கண்டுபிடித்தது. காற்று குழாய் வழியாக உள்ளே வரும், வெளியே போகும்போது வால்வு மூடிக்கொள்ளும். காற்று மேலே குரல்நாண் வழியாகத்தான் போகவேண்டும். மேலே வழி இல்லாத பிள்ளைக்கு மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அவளுக்கு அதுவரை கிடைக்கவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் மாட்டியதும் அவள் மிரண்டாள். வருடக்கணக்கில் காற்று போகாத வழியில் காற்று. இருமினாள். இருமலுக்குச் சத்தம் வந்தது. அவளே திரும்பிப் பின்னால் பார்த்தாள், யார் இருமியது என்று. பிறகு என்னைப் பார்த்து, அதுவரை வெறும் உதட்டசைவாகவே சொல்லிவந்த வார்த்தையைச் சொன்னாள். கட்டைக் குரல். மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைக்கு, சளி பிடித்த பெரியவர் குரல். “ம்மா.”

குழாயைக் கழற்றியது ஏழு மாதம் கழித்து. அளவைக் குறைத்து, பகலில் மூடி போட்டு, பிறகு மருத்துவமனையில் ஒரு ராத்திரி முழுக்க மூடி போட்டுத் தூங்கவைத்து, விடிய விடிய ஆக்சிஜன் எண்ணைப் பார்த்திருந்துவிட்டு, காலையில் உருவினார்கள். ஒரு துணிக் கட்டு, மேலே பிளாஸ்திரி. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் மூன்று வாரம் தூங்கவில்லை. சக்‌ஷன் மெஷின் சத்தம் இல்லாத ராத்திரி பழகவில்லை.

நான்கு வயதில் ஒரு வைரஸ் காய்ச்சலோடு குரைப்பு இருமல் வந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பும் நோய். ஆவி பிடித்தால் சரியாகும் என்று இப்போதும் சொல்பவர்கள் உண்டு. அதனால் பலன் கிடையாது, வெந்நீர் கொட்டி வெந்த பிள்ளைகள்தான் மிச்சம். இவளுக்கு நெபுலைசரில் அட்ரினலினும் தேவைப்பட்டது. வீக்கத்தை அது வேகமாக வற்றவைக்கும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் வேகம் தீர்ந்துவிடும். அதனால் உடனே வீட்டுக்கு விடமாட்டார்கள். அவள் ஒரு ராத்திரி அங்கேயே தங்கினாள். அந்த வார்டில் மற்றவர்கள் எல்லோரும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். ஒட்டுப் போட்டுப் பெரிதாக்கிய குழாயும் இன்னும் சின்னக் குழாய்தான்.

கழுத்துத் துளை தானே மூடிக்கொள்ளும் என்றார்கள். ரொம்ப நாள் இருந்த துளைகள் சில மூடுவதில்லை, இவளுடையதும் மூடவில்லை. சிரித்தால் அதில் குமிழி வரும். பேசும்போது காற்று அதன் வழியாகக் கசிந்து குரல் இறங்கிவிடும். யாரும் சொல்லித் தராமலே ஆட்காட்டி விரலால் துளையை அழுத்திக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டாள். ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சின்ன ஆபரேஷனில் தைத்து மூடினார்கள்.

இப்போது ஏழு வயது. குரல் இன்னும் கட்டைதான், போனில் பேசினால் பையனா என்று கேட்கிறார்கள். வருடம் ஒருமுறை உள்ளே பார்த்து அளக்கிறார்கள். போன மாதம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்களாம். அவள் டீச்சர் சாயங்காலம் என்னிடம் கேட்டார்: “சத்தமா வாசின்னா மட்டும் ஏன் கழுத்துல விரலை வச்சுக்கறா?”